பதினேழு வரியும் ஒரு முந்திரிக்கொட்டையும்

உண்ணாமலைக்குக் கையெழுத்து அழகு என்று யாராவது சொல்லி நிறுத்தினால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "எழுத்து கெடக்கட்டும், விஷயம் புரிஞ்சுதா இல்லியா, அதச் சொல்லுங்க" என்பாள். உடையார்பாளையம் பக்கத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழ்ப் பாடத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்தவள். 1969-இல் நல்லதம்பியைக் கட்டிக்கொண்டு கீழப்பழுவூருக்கு வந்த நாளிலிருந்து, அந்தத் தெருவில் பட்டா மனுவா, ரேஷன் கார்டு விண்ணப்பமா, மிலிட்டரியில் இருக்கும் மகனுக்குக் கடிதமா, எல்லாம் அவள் கையால்தான். மற்றவர்கள் மூன்று பக்கம் எழுதுவதை அவள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. சொன்னதையே திரும்பச் சொன்னால் ஆகாது. மாமியார் ஒரே விஷயத்தை இரண்டாம் தரம் ஆரம்பித்தால், "ஒருக்கா சொன்னா போதும் அத்தே, காது நல்லாத்தான் இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். மாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை, அதற்காகவே மூன்றாம் தரமும் சொல்வார்! அந்தக் குணம்தான் பின்னால் ஒரு காதுகுத்து வீட்டில் புகையாகக் கிளம்பியது. அவள் வாழ்க்கையில் பெருமைப்படும்படி ஒன்று நடந்ததும் அதனால்தான்.

நல்லதம்பிக்கு மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று திருமானூரிலிருந்து அரியலூர் வரைக்கும் அவனுடைய ஒலிபெருக்கிக் குழாய்கள் பாடாத வேப்பமரம் இல்லை. அந்தக் காலத்து ஆம்ப்ளிபயர் பெட்டி வால்வு வைத்தது. சுவிட்சைத் தட்டியதும் பாட அது ஒன்றும் டிரான்சிஸ்டர் ரேடியோ இல்லை. கிளப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வால்யூம் குமிழ்களெல்லாம் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மரத்தில் கட்டிய நான்கு குழாய்களிலிருந்தும் இறங்கி வரும் ஒயர்களைப் பெட்டியின் முதுகில் மாட்ட வேண்டும். பிறகு மெயின். உள்ளே வால்வுகள் சிவக்கும் வரை இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கப்புறம்தான் இரண்டாவது சுவிட்ச். குழாயை மாட்டாமல் பெட்டிக்கு உயிர் கொடுத்து வால்யூமையும் ஏற்றினால், சத்தம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும்.

நல்லதம்பிக்கு இதெல்லாம் கையோடு பழகியது. பெண் வீட்டாரோடு பேசிக்கொண்டே, வெற்றிலையை மென்றுகொண்டே, பெட்டியைப் பார்க்காமல் கிளப்புவான். 1975-இல் இரண்டாவது செட் வாங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஊருக்கு ஒருவனே போக முடியாதே.

இரண்டாவது செட்டுக்குச் செல்லக்கண்ணுவை வைத்தான். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். பரம்பரையாகப் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். அவன் மட்டும் தப்பித்து, எட்டு வருஷம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேனாக இருந்தான். அரியலூர் மண்ணுக்கடியில் இருக்கிற கல்லையெல்லாம் அவன் தோளே ஏற்றி அனுப்பியது என்று சொல்லலாம். தூசியில் இருமல் கண்டு, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சபதம் போட்டுவிட்டு மைக் செட்டுக்கு வந்தவன். ஐந்தாவது வரை படித்திருந்தான். வரியின் மேல் விரலை வைத்து, உதடு அசைய, நிதானமாகப் படிப்பான்.

பெட்டியைச் செய்து கொடுத்த திருச்சி ரேடியோ மெக்கானிக், அதைக் கிளப்பும் முறையை நான்கு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மொத்தம் நாற்பத்துமூன்று வரி. அதை உண்ணாமலை கையில் நல்லதம்பி கொடுத்தான். "இத நல்ல கையெழுத்துல ஒரு தரம் எழுதிக் குடு. செல்லக்கண்ணுவுக்கு ஆவும்."

அவள் படித்துப் பார்த்தாள். அடேயப்பா! முதல் குழாயின் ஒயரை எடுக்கவும், நுனியைச் சுரண்டவும், திருகாணியைத் தளர்த்தவும், மாட்டவும், இறுக்கவும் என்று ஒன்பது வரி. இரண்டாவது குழாய்க்கு அதே ஒன்பது வரி. மூன்றாவதுக்கும் அதே. நான்காவதுக்கும். உண்ணாமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த ஆளு என் மாமியாருக்கு அண்ணனா இருப்பாரோ?" என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தாள்.

ஒரு மத்தியானத்தில் நாற்பத்துமூன்றை ஏழாக்கினாள். முதல் வரி: லோடு போடவும். இரண்டாவது: மெயின் போடவும். மெக்கானிக் தன் தாளில் "குழாய் யூனிட்டுகள், அதாவது லோடு" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லில் நான்கு குழாயும் அடங்கிவிட்டதே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. நல்லதம்பி பார்த்துவிட்டு, "ஆஹா, தாளுன்னா இதுதான் தாளு" என்றான். அவனுக்கு ஏழு வரியும் ஒரே மூச்சில் புரிந்தது. புரியாமல் என்ன, தாள் இல்லாமலே தெரிந்தவனாயிற்றே!

அடுத்த வருஷம் சித்திரையில் திருமானூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. நல்லதம்பி வேறு ஊருக்குப் போயிருந்தான். செல்லக்கண்ணு முதல்முறையாகத் தனியாகப் போனான். குழாய்களை மரத்தில் கட்டினான், ஒயர்களைக் கீழே இறக்கினான், தாளைப் பிரித்து விரலை வைத்தான். மெயின் போட்டான். வால்வு சிவந்தது. இரண்டாவது சுவிட்சைப் போட்டான். ரிக்கார்டு சுற்றியது. சத்தம் இல்லை. வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினான். இல்லை. இன்னும் ஏற்றினான். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்துவிட்டது, ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார், "என்னப்பா மைக்கு செட்டு, ஊமையா?" என்று நாலு பேர் கத்தினார்கள். கடைசி வரைக்கும் திருப்பினான். பெட்டியின் முதுகிலிருந்து தார் உருகும் வாசனையோடு புகை வந்தது.

அடுத்த நாள் காலையில் நல்லதம்பி கடை வாசலில் நின்று போட்ட சத்தத்துக்கு மைக் செட்டே தேவைப்படவில்லை. "ஏழே வரி! ஏழு வரி படிக்கத் தெரியாத பயல நம்பி பெட்டியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்! நீ கல்லு தூக்கத்தான் லாயக்கு!" கடைத்தெருவே கேட்டது. செல்லக்கண்ணு கருகிய பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் வந்து, நாலாக மடித்த தாளை உண்ணாமலையிடம் நீட்டினான்.

"இந்தாங்கக்கா உங்க தாளு."

உண்ணாமலைக்கும் கோபம்தான். "ஏம்ப்பா செல்லக்கண்ணு, மொத வரியிலயே எழுதியிருக்கேனே, லோடு போடவும்னு! போட்டியா இல்லியா?"

"போட்டனேக்கா. இங்கேருந்து பொறப்படறப்பவே போட்டேன். பஸ்ஸு டாப்புல பெட்டி, குழாய், பேட்டரி, கவுறு, எல்லாத்தையும் நாந்தான ஏத்துனேன்?"

அவளுக்கு முதலில் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். எட்டு வருஷம் அவன் வாழ்ந்ததே அந்தச் சொல்லில்தானே. காலையில் லோடு, மத்தியானம் லோடு, ராத்திரி கனவிலும் லோடு. அவனிடம் போய் லோடு போடு என்றால் வேறு எதைப் போடுவான்?

"அப்ப ஒயர எப்ப மாட்டுறதுன்னு நெனச்ச?"

"தாளு எப்பயாச்சும் சொல்லும்னு பாத்துகிட்டே இருந்தேன்க்கா. ஏழாவது வரி வரைக்கும் சொல்லவேயில்ல."

உண்ணாமலைக்கு முகமெல்லாம் எரிந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மார்க்கு வாங்கிய அதே முகம்தான். சுருக்கிவிட்டோம், சுருக்கிவிட்டோம் என்று குதித்தாளே, எதைச் சுருக்கினாள்? அவன் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டிய இடத்தையல்லவா வெட்டி எறிந்திருக்கிறாள்! மெக்கானிக்கின் பழைய தாளை எடுத்து, இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அங்கே இன்னொரு குண்டு காத்திருந்தது. நான்காவது குழாய் பழசு. அதை மட்டும் சிவப்பு வர்ணம் பூசிய தனித் திருகாணியில் மாட்ட வேண்டும் என்று முப்பத்துநான்காவது வரியில் இருந்தது. ஒரே மாதிரியான வரிகளாக வந்ததால், இதுவும் அதேதான் என்று தாண்டிப் போயிருக்கிறாள்.

நேராகக் கடைக்குப் போனாள். வாடிக்கைக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் காதிலும் விழும்படியே சொன்னாள். "இந்தாங்க. அவன் படிச்சது சரி. நான் எழுதுனதுதான் தப்பு."

நல்லதம்பி திகைத்துப்போனான். "நீ எதுக்கு அவனுக்குப் பரிஞ்சிகிட்டு வர்ற?"

"பரியல. உள்ளதச் சொல்றேன். நான் வேற தாள் எழுதித் தரேன். அவன வச்சே கெளப்பிக் காட்டறேன்."

அவன் முகூர்த்தம் குறித்து வைத்த நோட்டைப் புரட்டினான். பிறகு சொன்னான். "ஆவணியில கங்கைகொண்ட சோழபுரத்துல ஒரு கல்யாணம் ஒத்துகிட்டிருக்கேன். அன்னிக்கு எனக்கு அரியலூர்லயும் இருக்கு. அவனே போவட்டும். அன்னிக்கும் பெட்டி ஊமையானா, ரெண்டாவது செட்ட வித்துபுடுவேன். அவன் கல்லு லாரிக்கே போவட்டும். அப்பறம் என்னக் கேக்கக் கூடாது."

செல்லக்கண்ணுவின் இருமல் இன்னும் முழுசாக விடவில்லை. லாரி என்ற பேச்சைக் கேட்டதும், அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்த அவன் இருமியது உண்ணாமலைக்கு ரொம்ப நாள் காதில் இருந்தது.

பெட்டியைத் திருச்சியில் சரி பண்ணிக்கொண்டு வந்தபின், மத்தியானங்களில் கொல்லையில் அதை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் எழுதுவாள், அவன் படிப்பான். படித்தபடி செய்வான். அவள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் ஏற்பாடு. வாயை மூடிக்கொண்டிருப்பது உண்ணாமலைக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவள் மாமியாருக்குத்தான் தெரியும்!

ரோஷத்தில் முதலில் எல்லாவற்றையும் விளக்கி ஐம்பது வரி எழுதினாள். அதுவும் உதவவில்லை. பாதியில் செல்லக்கண்ணுவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. காரணம் சொல்லும் வரிகளையெல்லாம் தாளின் பின்பக்கத்துக்குத் தள்ளினாள். "மற்ற குழாய்களுக்கும் இவ்வாறே" என்று ஒரு வரியில் முடித்துப் பார்த்தாள். அங்கே அவன் விரல் தடுமாறியது.

"என்னாப்பா, புரியலியா?"

"புரியுதுக்கா. ஆனா வெரலு எங்க நிக்கறது? ரெண்டாவது குழாய மாட்டிட்டுத் திரும்பிப் பாத்தா, ரெண்டாவதுன்னு ஒரு வரி இருந்தாத்தான் அடுத்தது மூணுன்னு தெரியும்."

உண்ணாமலை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். இத்தனை வருஷம் எழுதியிருக்கிறாள், தாளில் விரல் நிற்க இடம் வேண்டும் என்று எந்த வாத்தியாரும் அவளுக்குச் சொன்னதில்லை. நான்கு குழாய்க்கும் நான்கு வரி எழுதினாள். ஏறக்குறைய ஒரே வரிதான், நான்கு தரம்! அவள் கையாலேயே! நான்காவதில் மட்டும் சிவப்பு மசியால் "சிவப்புத் திருகாணி" என்று எழுதினாள். சுரண்டுவதும் இறுக்குவதும் அவன் கைக்கே தெரியும், அதையெல்லாம் எடுத்துவிட்டாள்.

லோடு என்ற சொல்லை அடித்துவிடப் போனபோது அவன் தடுத்தான். "அத வுட்டுடாதீங்கக்கா. மெக்கானிக்கு வந்து லோடு போட்டியான்னு கேட்டா நான் மறுபடி பஸ்ஸு டாப்பப் பாக்கவா?" அதனால் ஏழாவது வரி இப்படி வந்தது: "லோடு என்றால் மூட்டை அல்ல, இந்த நான்கு ஒயர். நான்கும் மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார். மாட்டாமல் மெயின் போட்டால் பெட்டி கருகும்."

ஒருநாள் நடுவில் அவனை யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றை எடுத்து, விரல் இருந்த வரியின் மேல் வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து, கொட்டையை எடுத்து அங்கேயே தொடர்ந்தான். உண்ணாமலை உடனே அதையும் ஒரு வரியாக எழுதினாள்: "யாராவது கூப்பிட்டால், நிறுத்திய வரியின் மேல் ஒரு முந்திரிக்கொட்டையை வைத்துவிட்டுப் போ."

கடைசியில் அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "அக்கா, கல்யாண வூட்டுல பெரிய மனுஷங்க வந்து அவசரப்படுத்துவாங்க. நம்மால எதுத்து ஒண்ணும் சொல்ல முடியாது. அதுக்கும் ஒரு வரி எழுதிடுங்க. நான் சொன்னா வம்பாயிடும். தாளு சொன்னா வம்பு இல்ல பாருங்க."

அவள் எழுதினாள்: "அவசரப்படுத்துகிறவர் எவ்வளவு பெரியவரானாலும் வரியைத் தாண்டாதே."

மொத்தம் பதினேழு வரி. பத்திர ஆபீஸ் தாள்களில் எழுதியவர், ஒப்பிட்டவர் என்று அடியில் போடுவார்கள். அந்த ஞாபகத்தில் கீழே, "செல்லக்கண்ணு படித்துச் சரி பார்த்தது" என்று எழுதினாள். தன் பெயரைப் போடவில்லை. காதுகுத்து வீட்டுப் புகை இன்னும் அவள் மூக்கில் இருந்தது. அவனோ வெட்கத்தில் நெளிந்தான். "நம்ம பேரு எதுக்குக்கா அதுல?"

நல்லதம்பி தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "என்னா இது, ஏழுலேருந்து பதினேழா? முந்திரிக்கொட்டயெல்லாம் வருது? இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மாப்பிள தாலியே கட்டிடுவான்."

"உங்களுக்கு எதுக்குங்க தாளு? தெரிஞ்ச ஆளு படிக்க நான் எழுதல" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆவணி முகூர்த்தம் வந்தது. காலை ஏழரையிலிருந்து ஒன்பது. உண்ணாமலையும் கூடவே போனாள். பெட்டியின் கிட்டே வரமாட்டேன் என்று செல்லக்கண்ணுவிடம் சத்தியம் செய்துவிட்டு, பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் மணப்பெண்ணின் அத்தை குஞ்சம்மாள். "என்னாடி, உனக்குப் போயி இப்புடி வேர்க்குது? நீயா தாலி கட்டிக்கப் போற?" என்று அவள் கேலி செய்தாள். உண்ணாமலை சிரித்து வைத்தாள். கண்ணெல்லாம் பந்தலின் மூலையில் இருந்தது.

செல்லக்கண்ணு விரலை வைத்து ஆரம்பித்தான். குமிழ் பூஜ்யம். ஒன்றாவது குழாய். இரண்டாவது. சமையல்காரர்கள் குழாய் ஒன்று தங்கள் தலைக்கு நேராகத் தொங்குகிறது என்று கூச்சல் போட்டார்கள். மடியிலிருந்து ஒரு முந்திரிக்கொட்டையை எடுத்து வரியின் மேல் வைத்துவிட்டு மரத்துக்கு ஓடினான். அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் பெரியப்பா அய்யம்பெருமாள் வந்து சேர்ந்தார். ஊரில் பாதி நஞ்சை அவருடையது. எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறவர். அவரையே ஊரில் மறைவாக முந்திரிக்கொட்டை என்றுதான் சொல்வார்கள்.

"யார்றா மைக்கு செட்டு? மேளக்காரன் வந்து உக்காந்தாச்சு, இன்னும் என்னா நோண்டிகிட்டு!" என்று சொல்லிக்கொண்டே மெயின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

உண்ணாமலை பாதி எழுந்துவிட்டாள். சத்தியம் ஞாபகம் வந்து, முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் விரலுக்கும் சுவிட்சுக்கும் நாலு அங்குலம்தான் இருந்தது. அதற்குள் செல்லக்கண்ணு ஓடி வந்துவிட்டான்.

"அய்யா, அய்யா! தாளுல வேணாம்னு போட்டிருக்குங்க."

"தாளா? என்னா தாளு?"

இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினான். அய்யம்பெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொட்டையை ஒரு மாதிரிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, கணீரென்று வாய்விட்டுப் படித்தார். "மூன்றாவது குழாய், மூன்றாவது திருகாணி."

"இந்தா மாட்டுறங்க" என்று செல்லக்கண்ணு மாட்டினான்.

"நான்காவது குழாய், சிவப்புத் திருகாணி."

"ஆச்சுங்க. அடுத்தது படிங்க."

லோடு என்றால் மூட்டை அல்ல என்று அவர் படித்ததும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். அப்படியே சுவாரஸ்யமாகிப் படித்துக்கொண்டே போனார். அவசரப்படுத்துகிறவர் எவ்வளவு பெரியவரானாலும் என்ற வரி வந்ததும் ஒரு கணம் நின்று, கண்ணாடிக்கு மேலாகச் செல்லக்கண்ணுவைப் பார்த்தார். செல்லக்கண்ணு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. "சரிதான்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் அடுத்த வரியைப் படித்தார். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர் வரி வரியாகப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் "ஆச்சுங்க, அடுத்தது" என்று செல்லக்கண்ணு சொல்ல, அந்தக் காட்சியை உண்ணாமலை செத்தாலும் மறக்கமாட்டாள்.

வால்வு சிவந்தது. இரண்டு நிமிஷம் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இரண்டாவது சுவிட்ச். வால்யூம் மெதுவாக ஏறியது. செல்லக்கண்ணு மைக்கை வாயருகே வைத்து, "ஹலோ, ஹலோ, கீழப்பழுவூர் நல்லதம்பி மைக் செட்" என்றான். நான்கு வேப்பமரத்திலிருந்தும் அவன் குரல் கிளம்பி, பெரிய கோயில் விமானம் வரைக்கும் போய்வந்தது. மேளம் கொட்டியது, தாலி ஏறியது. உண்ணாமலைக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. புகை இல்லாமலே.

நல்லதம்பிக்குச் சேதி பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் பெரிதாகப் பாராட்டிப் பேசுகிற ரகம் இல்லை. "அடுத்த முகூர்த்தத்துக்கும் அவனயே அனுப்பு" என்றான். லாரிப் பேச்சு அதோடு போயிற்று.

அதற்கப்புறம் அந்தத் தாள் ஊர் சுற்ற ஆரம்பித்தது. திருவிழாவில் நாலு ஊர் மைக் செட் சேரும்போது ஒருவன் பார்த்து எழுதிக்கொண்டு போனான். அவனிடமிருந்து இன்னொருவன். அரியலூரில் பெட்டி பழுது பார்க்கிற ஒருவர் கார்பன் தாள் வைத்து எழுதி, பழுதுக்கு வந்த பெட்டிகளுக்கெல்லாம் ஒன்று கொடுத்தார். உண்ணாமலை அதையெல்லாம் கேள்விப்பட்டாள், கண்ணால் பார்க்கவில்லை.

பார்த்தது பத்து வருஷம் கழித்து, 1986-இல். பெரம்பலூரில் அவள் அண்ணன் மகன் வீடு கட்டி, காலையில் பால் காய்ச்சுகிறார்கள். வாசலில் ஒரு மைக் செட். இருபத்தைந்து வயது ஆள் ஒருவன் பெட்டியின் முன் குனிந்திருந்தான். அருகே, வழவழவென்று பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். பெட்டியின் கைப்பிடியில் நூல் கட்டி, கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போன ஒரு முந்திரிக்கொட்டை தொங்கியது. உண்ணாமலை கிட்டே போனாள்.

அவன் உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தான். "மூணாவது குழாய்... இல்ல. நாலாவது குழாய், சிவப்புத் திருகாணி... இல்ல." அவனிடம் இருந்ததே இரண்டு குழாய்தான்.

"இல்லாத குழாய ஏம்ப்பா படிக்கற?" என்று கேட்டுக்கொண்டே அவள் தாளைத் தொடப் போனாள்.

"தள்ளி நில்லுங்கம்மா, தொடாதீங்க. தாளுல இருக்கறத வுட்டுடக் கூடாது. யாரு அவசரப்படுத்துனாலும் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு பாருங்க."

உண்ணாமலை தள்ளி நின்றாள். அவளை அவள் எழுத்தே தள்ளி நிறுத்தியதில் அவளுக்கு வந்த கர்வம், எஸ்.எஸ்.எல்.சி. முதல் மார்க்கில்கூட வந்ததில்லை.

"யாருப்பா இத எழுதுனது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கீழ பேரு இருக்கே, பாக்கலியாம்மா? செல்லக்கண்ணுன்னு திருச்சியில பெரிய ரேடியோ இஞ்சினியராம். அவரு படிச்சுச் சரி பாத்துக் குடுத்தது. இந்தப் பக்கம் பூரா பொட்டிக்குப் பொட்டி அவரு பேருதான்."

எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. குனிந்து அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாதவனின் கோணல் எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. ஏழு வரி படிக்கத் தெரியாத பயல் என்று கடைத்தெருவே கேட்க ஏச்சு வாங்கியவனின் பெயர். பத்து வருஷமாக அவளும் அவனை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறாள்.

"எனக்கு அவரத் தெரியும்ப்பா" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நெசமாவா? நேர்லயே பாத்திருக்கீங்களா? எப்படிம்மா இருப்பாரு?"

"பெரிய ஆளு மாதிரியெல்லாம் தெரியாது. வரி மேல வெரல வச்சுத்தான் படிப்பாரு."

 அவன் தாளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வரியின் மேல் தன் விரலை வைத்தான்.